ஐந்து நாளில் தென் பிரான்ஸின் ரோமானியச் சின்னங்கள்

கேள்வி: செப்டம்பரில் மார்சேயில் இறங்கி, கார் வாடகைக்கு எடுத்து, ஐந்து நாள் ரோமானிய இடங்களைப் பார்க்க எண்ணியிருக்கிறோம். உடன் வரும் மாமனாருக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. எங்கெங்கே போகலாம்? நம் ஊர் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லுமா?

பதில்: தினம் ஒரு விடுதி என்று பெட்டி தூக்கி அலையாமல், நீம் நகரிலேயே ஐந்து இரவும் தங்கிவிடுங்கள். பொன் து கார் பாலமும் ஆர்ல் நகரமும் அங்கிருந்து 30 கி.மீ. சுற்றளவுக்குள்தான், ஒராஞ்சுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகும்.

முதல் நாளைப் பொன் து காருக்கே கொடுங்கள். உசேஸ் ஊரின் ஊற்றிலிருந்து நீமுக்குத் தண்ணீர் கொண்டுவர, கி.பி. முதல் நூற்றாண்டில் வெட்டிய ஏறத்தாழ 50 கி.மீ. கால்வாய், கார்தோன் ஆற்றைக் கடக்கும் இடம் இது. மூன்று அடுக்கில் 49 மீட்டர் உயரம் என்பதைவிட, கால்வாயின் மொத்த வாட்டமே சுமார் 12.6 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 25 செ.மீ. அளவுதான் என்பதே என்னை எப்போதும் வியக்கவைப்பது. கீழ் வளைவுகளை நெருங்கிப் பாருங்கள்: சாந்து இல்லாமல் அடுக்கிய கற்கள், சாரம் தாங்குவதற்காக வெளியே நீட்டி விட்ட முனைகள், 'முகப்பு, இடது, 3' என்பது போலக் கொத்தர்கள் பொறித்த அடையாளங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பாலம் வரை நல்ல பாதை உண்டு என்பதால் மாமனாருக்குச் சிரமமிராது. உச்சியிலுள்ள கால்வாய்க்குள் வழிகாட்டியுடன் மட்டுமே போக முடியும், படியேற்றமும் உண்டு. அதற்கு நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

மறுநாள் நீமிலேயே அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். வட்டமான கல்தொட்டி, அதன் சுவரில் ஈயக்குழாய்கள் பொருத்துவதற்கான பத்துத் துளைகள். தெருவில் நின்றபடியே பார்த்துவிடலாம். பெரும்பாலான பயணிகள் அரங்கத்தையும் கோயிலையும் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள், அது எனக்கு ஒரு வருத்தம். மேசோன் காரே என்னும் அக்கோயிலில் முகப்பு எழுத்துகள் எப்போதோ காணாமல் போய்விட்டன. எழுத்துகளைப் பதித்திருந்த ஆணித்துளைகளை வைத்தே 1758-இல் சேகியே என்ற அறிஞர் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தத்துப்பிள்ளைகளின் பெயர்களைப் படித்துக் காட்டினார்.

நீம் அரங்கம், ஆர்ல் அரங்கம் இரண்டிலும் படிகள் உயரமானவை, தேய்ந்தவை. இரண்டும் வேண்டாம், நீமுடையதை ஏறிப் பார்த்தால் போதும். ஆர்லில் பழங்கால அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ரோன் ஆற்றடியிலிருந்து 2011-இல் தூக்கியெடுத்த 31 மீட்டர் நீள ரோமானியச் சரக்குப் படகு அங்கே இருக்கிறது; வெயில் ஏறும் நேரத்துக்கு ஏற்ற இடமும்கூட. ஒராஞ்சில் 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம் கொண்ட நாடக மேடைச் சுவரைக் கீழ்வரிசையில் அமர்ந்தே பார்க்கலாம். இவ்வரங்கங்களில் இன்றும் நிகழ்ச்சிகள் நடப்பதால், அன்று மூடியிருக்குமா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள ஒரு நாளைக் காலியாக விடுங்கள். காற்று வீசினாலும் முழங்கால் வலித்தாலும் அது உதவும்.

உரிமத்தைப் பொறுத்தவரை, நம்முடைய அட்டையோடு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெறும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருங்கள். அது ஓராண்டு செல்லும். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். சிற்றூர்களில் அறிவிப்பு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கு முன்னுரிமை, ரவுண்டானாவிலோ உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு முன்னுரிமை என்பதுதான் நம்மவர்களைத் தடுமாறச் செய்யும். பெட்ரோல் நிலையத்தில் 'காஸோல்' என்று எழுதியிருந்தால் அது டீசல். அங்கே வாடகைக் கார்கள் பலவும் கையால் கியர் மாற்றுபவை. இடக்கை ஸ்டியரிங்கில் வலக்கையால் கியர் போடத் தயக்கமிருந்தால், ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று முன்பதிவின்போதே குறிப்பிட்டுவிடுங்கள்.