கல்லீரல் செல்லைக் கொல்லும் டிஎன்எஃப், அதை வளரவும் வைப்பது எப்படி?

கேள்வி: மதுவால் கல்லீரல் அழற்சி வந்தவர்களின் ரத்தத்தில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் கூடியிருக்கும், அது செல்களைக் கொல்லும் என்று படித்தேன். கல்லீரல் திரும்ப வளரவும் அதுதான் தேவை என்கிறார்கள். எது சரி? அதைத் தடுத்தால் நோய் குணமாகுமா?

இரண்டும் சரி. ஆய்வு மாணவியாக இருந்தபோது இதே கேள்வி என்னை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. கடைசியில் செல் வளர்க்கும் மூன்று தட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

எலியின் கல்லீரலிலிருந்து செல்களைப் பிரிக்க, முதலில் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்டல் சிரை வழியாக உப்புக் கரைசலை ஓட்டுவோம். கரும்பழுப்பாக இருக்கும் உறுப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறிப்போகும். அப்புறம், செல்களைப் பிடித்து வைத்திருக்கும் இழைகளைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதி. பிரிந்து வந்த செல்கள், மறுநாள் தட்டில் தளக்கல் பாவியது போல ஒட்டி நிற்கும். சிலவற்றுக்குள் இரண்டு உட்கருக்கள் தெரியும். ஒரு தட்டில் டிஎன்எஃப் மட்டும் விட்டேன். இன்னொன்றில் ஆக்டினோமைசின் டி மட்டும். இது புதிதாக ஆர்என்ஏ உருவாவதைத் தடுக்கும். மூன்றாவதில் இரண்டும். மறுநாள் காலை முதல் தட்டில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவதில் பெரிய சேதமில்லை. மூன்றாவதில் செல்கள் சுருங்கி, மேலெல்லாம் கொப்புளமாகப் புடைத்து, பிடி விட்டு மிதந்துகொண்டிருந்தன.

டிஎன்எஃப், செல்லின் மேலுள்ள தன் ஏற்பியில் வந்து சேர்ந்ததும் செல்லுக்குள் இரண்டு வழிகள் திறக்கின்றன. ஒன்று காஸ்பேஸ் நொதிகளை முடுக்கிச் செல்லைச் சாகவைக்கும் வழி. மற்றது என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்பும். அங்கே அது, அந்தக் கொலை வழியை அடைக்கும் புரதங்களின் மரபணுக்களை இயக்கிவிடும். அந்தப் புரதங்கள் உருவாகிவிட்டால் செல் பிழைக்கும். புரதம் உருவாக ஆர்என்ஏ வேண்டும்; ஆக்டினோமைசின் அதைத் தடுத்துவிட்டதால் என் மூன்றாவது தட்டில் அவை உருவாகவே வழியில்லை.

உயிருள்ள விலங்கிலும் இப்படித்தான். என்எஃப்-கப்பா-பியின் ரெல்-ஏ பகுதி இல்லாத எலிக்கருக்கள் கல்லீரல் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கருவிலேயே அழிந்ததை 1995-இல் காட்டினார்கள். 1999-இல் அதே எலிகளில் டிஎன்எஃப்பையும் சேர்த்து நீக்கினார்கள். குட்டிகள் உயிரோடு பிறந்தன! இதைப் படித்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சரி, வளர்ச்சிக்கு வருவோம். ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் 1931-இல் விவரித்த அறுவையில் எலிக் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடுவார்கள். வெட்டிய மடல்கள் முளைப்பதில்லை. மிச்ச மடல்கள் பருத்து, 7 முதல் 10 நாளில் ஏறக்குறையப் பழைய எடைக்கு வந்துவிடும். கல்லீரலிலேயே குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்களான குப்ஃபர் செல்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. டிஎன்எஃப் தூண்டி, அவை இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளியிடும். அது கல்லீரல் செல்களில் ஸ்டேட்-3 என்ற புரதத்தை எழுப்பி, ஓய்வில் இருப்பவற்றைப் பிளவுக்குத் தயாராக்கும். பிறகு எச்ஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் பிளக்க வைக்கும். டிஎன்எஃப்பின் முதல் ஏற்பி இல்லாத எலிகளில் இந்த வளர்ச்சி தடுமாறியது; இன்டர்லூக்கின்-6 கொடுத்ததும் டிஎன்ஏ நகலாக்கம் சீரானது. இது 1997-இல் வந்த முடிவு.

தடுத்தால் குணமாகுமா என்று கேட்டீர்கள். மதுவால் வரும் கடும் கல்லீரல் அழற்சியில் அதைச் செய்தே பார்த்தார்கள். டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை அதிக அளவில் கொடுத்த பிரெஞ்சு ஆய்வைத் தொற்றும் மரணமும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள்; முடிவு 2004-இல் வெளிவந்தது. 2008-இல் வெளியான, அதே வகை மருந்தான எட்டனர்செப்ட் பற்றிய ஆய்வில், ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களிடையே இறப்பு அதிகம். தொற்றை எதிர்க்கவும் டிஎன்எஃப் வேண்டும். கல்லீரல் தன்னைச் சீராக்கிக்கொள்வதும் கூடவே தடைபட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், குடியை இன்றே நிறுத்துவதும் கல்லீரல் மருத்துவரைப் பார்ப்பதும்தான் முதல் வேலை.