பேரன் கடகடவென்று வாசிக்கிறான், ஆனால் புரிகிறதா? ஸ்பானிஷ் புத்தகக் கேள்வி பதில்

டெக்சாஸில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்த்து நடத்தும் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு எந்த ஸ்பானிஷ் புத்தகம் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம்: டீச்சர், ஹூஸ்டனில் பேரன் ரெண்டாம் வகுப்பு. வீடியோ காலில் கடகடவென்று வாசிக்கிறான். பெரிய புத்தகமாக வாங்கச் சொல்லட்டுமா?

அவசரப்படாதீர்கள் அம்மா. ஸ்பானிஷில் எழுத்தைப் பார்த்தாலே உச்சரிப்பு வந்துவிடும், ஐந்து உயிரெழுத்துக்கும் மாறாத ஒலி, அதனால் ஒன்றும் புரியாமலே பக்கம் பக்கமாக வாசித்துத் தள்ளலாம். ஒரு பக்கத்தில் ஐந்து சொல் தடுக்கினால் புத்தகம் கஷ்டம் என்று ஆங்கிலத்துக்குச் சொல்கிற கணக்கு இங்கே செல்லாது. முடித்ததும் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். யார், எங்கே போனான், ஏன் அழுதான் என்று சொல்லிவிட்டால் அடுத்த படி. முழித்தால் அதே புத்தகத்தை இன்னொரு தடவை, இல்லையென்றால் அதைவிடச் சின்னது. உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதது இதில் வசதிதான், அவன் ஏமாற்ற முடியாது!

தக்கலை: ரெண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் புத்தகம்?

உங்களுக்கு நல்லது, பிள்ளைக்கு அவ்வளவாக இல்லை. கண் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். சந்தத்தோடு வருகிற கதை என்றால் ஸ்பானிஷிலேயே எழுதியதாகப் பாருங்கள், மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் நொண்டும்.

குளச்சல்: அக்கா, மாட்ரிட்டுக்குப் போகிறோம், மகள் ஒன்றாம் வகுப்பு. அமெரிக்காவில் இருக்கும் தங்கை பழைய ஸ்பானிஷ் புத்தகங்களைத் தருகிறாள். போதுமா?

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. நாம் மரச்சீனி என்போம், சென்னையில் மரவள்ளி. அதுபோல உருளைக்கிழங்கு ஸ்பெயினில் 'பட்டாட்டா', மெக்சிகோவிலும் அமெரிக்க ஸ்பானிஷிலும் 'பாபா'. அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்து வடிவம். ஸ்பெயினில் ஆரம்ப வாசிப்புப் புத்தகங்கள் பல கூட்டெழுத்தில் இருக்கும், அச்செழுத்து மட்டும் பழகிய பிள்ளை திகைத்துவிடும், அதனால் அப்படி ஒன்றிரண்டு முன்னாடியே கையில் கொடுங்கள். அங்கே 'எல் பார்கோ தே வபோர்' வரிசை பிரபலம். நிறத்தை வைத்துப் படி தெரியும்: வெள்ளை புதிதாக வாசிக்கிறவர்களுக்கு, நீலம் 7 வயதிலிருந்து, ஆரஞ்சு 9 வயதிலிருந்து. அந்த வயதெல்லாம் வீட்டிலேயே ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைகளுக்கு, உங்கள் மகளுக்கு ஒரு படி கீழேயே எடுங்கள்.

நாகர்கோவில்: விருது முத்திரை பார்த்து வாங்கலாமா?

அமெரிக்காவில் 1996 முதல் புரா பெல்ப்ரே விருது இருக்கிறது, லத்தீன் அமெரிக்க வேர் உள்ள எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் கொடுப்பது. நல்ல புத்தகங்கள்தான், ஆனால் நிறைய ஆங்கிலத்தில் எழுதியவை. உள்ளே திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

கொல்லங்கோடு: மகனுக்குக் கதையே பிடிக்காது டீச்சர், சுறா, லாரி என்றால் உயிர்.

அப்புறம் என்ன, சுறா புத்தகம் வாங்குங்கள். படமும் ஒரு வரியுமாக இருந்தால் போதும்.