மறுபடியும் ஒரு தேர்வு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கனடாவின் வடக்கு ஒன்டாரியோவைப் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 34 வயது. மகாராஷ்டிரத்தில் பயிற்சி பெற்று இந்திய வணிக விமானி உரிமம் வாங்கினேன். 260 மணி நேரம் பறந்திருக்கிறேன். கடன் வாங்கி ஏ320 என்ற பெரிய பயணிகள் விமானத்துக்கான தகுதிப் பயிற்சியும் முடித்தேன். வேலை அமையவில்லை. நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனைவியுடன் கனடா வந்தேன். அவர் நர்ஸ், இங்கே தேர்வெழுதி மருத்துவமனையில் பணிபுரிகிறார். நான் டொரன்டோ விமான நிலையத்தை ஒட்டிய மால்டனில் ஒரு கிடங்கில் பெட்டிகள் அடுக்குகிறேன். நாள் முழுவதும் தலைக்கு மேலே விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன.

என் உரிமத்தை இங்கே யாரும் மதிப்பதில்லை. எல்லாத் தேர்வுகளையும் மறுபடி எழுதச் சொல்கிறார்கள். ஏற்கெனவே விமானியாக இருப்பவனுக்கு இது அவமானம் இல்லையா? என் உச்சரிப்பும் பெயரும் தடையாகுமோ என்ற பயமும் இருக்கிறது. வயதும் ஏறுகிறது. நான் இதை விட்டுவிட்டால் நல்லது என்று மனைவி நினைக்கிறார். இந்தியாவுக்கே திரும்பிவிடலாமா?

ஒரு வாசகர், மிசிசாகா

*

அன்புள்ள தம்பி,

மால்டன் என்ற பெயரைப் பார்த்ததும் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. சில வாரங்களாக நான் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் அந்த ஓடுபாதையிலிருந்துதான் வானில் ஏறினார். அவரிடம் பிறகு வருகிறேன்.

வயதைப் பற்றிய கவலையை விடுங்கள். பன்னாட்டு விமானங்களை 65 வயதுவரை ஓட்டலாம். உங்களுக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. உச்சரிப்பு, பெயர் இவற்றால் சில கதவுகள் மூடும். மூடாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இன்னும் ஒரு கதவையும் தட்டவில்லை. மூடிய கதவைப் பற்றித் தட்டிய பிறகு பேசுவோம்.

'அவமானம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

முதலில், எல்லாத் தேர்வுகளையும் எழுதச் சொல்கிறார்கள் என்பதே தவறு. யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள். விதியை நீங்களே எடுத்துப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். உங்கள் பதிவேட்டில் உள்ள 260 மணி நேரத்தை யாரும் பிடுங்கவில்லை. வணிக உரிமத்துக்குக் கனடா கேட்பது 200 மணி. அதில் 100 மணி விமானத்தின் பொறுப்பு உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று, ஒரு எழுத்துத் தேர்வு, தேர்வாளரைப் பக்கத்தில் வைத்துப் பறந்து காட்டுவது, இவ்வளவுதான். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதிக்குத் தனியே ஒரு தேர்வு உண்டு. இரண்டு ஆண்டுகளில் இதை முடித்திருக்கலாம். அந்த இரண்டு ஆண்டுகளும் கோபத்தில் போய்விட்டன.

இந்த ஏற்பாடு உங்களைக் குறிவைத்து வந்ததும் இல்லை. 1944-இல் சிகாகோவில் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தபோதே, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடுதான் அதன் விமானிக்கு உரிமம் தர வேண்டும், அல்லது அவரிடம் இருக்கும் உரிமத்தை ஏற்க வேண்டும் என்று முடிவானது. வால்பகுதியில் 'விடி' என்று தொடங்கும் எழுத்துகள் இருந்தால் டெல்லி, 'சி' என்று தொடங்கினால் ஒட்டாவா. கனடா விமானி உங்கள் ஊரில் வேலை கேட்டு வந்தாலும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அந்தத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்றாவது பார்த்தீர்களா? நீங்கள் வெயிலில் பறக்கப் பழகியவர். காற்று சூடாகி மெலிந்தால் விமானம் எழுவதற்கு அதிக ஓடுபாதை வேண்டும் என்பது உங்களுக்குக் கைப்பழக்கம். இங்கே சிக்கல் தலைகீழ். கடுங்குளிரில் காற்று சுருங்கி அடர்ந்துவிடுவதால், உயரமானி நீங்கள் இருக்கும் உயரத்தைவிட அதிகமாகக் காட்டும். திரையில் பத்திரமான உயரம் தெரியும். விமானமோ அதைவிடத் தாழ்வாகப் போய்க்கொண்டிருக்கும். அதனால் மைனஸ் 30 டிகிரியில், நிலையத்துக்கு மேல் 1,000 அடி என்று வரைபடம் சொன்னால் 190 அடி கூட்டிக்கொண்டு பறக்க வேண்டும். இன்னும் வடக்கே போனால் காந்த ஊசியை நம்ப முடியாது. ஓடுபாதைகளின் எண்களையே ஊசி காட்டும் வடக்கை விட்டு, துருவம் இருக்கும் உண்மை வடக்கைக் கொண்டுதான் குறிக்கிறார்கள். நீங்கள் 1013 ஹெக்டோபாஸ்கல் என்று பழகிய காற்றழுத்தம் இங்கே 29.92 பாதரச அங்குலம். இவையெல்லாம் உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு நாடு கேட்கிறது. பின்னால் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் சார்பில் கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும்.

இப்போது அந்த மனிதர். யானுஷ் ஜுராகோவ்ஸ்கி, போலந்துக்காரர். 1939 செப்டம்பரில் நாடு வீழ்ந்தபின் தப்பி பிரிட்டன் வந்தவர். அவரைப் போல வந்த போலந்து விமானிகளில் பலர் போரில் எதிரியை நேரில் கண்டவர்கள். பல நூறு மணி நேரம் பறந்தவர்கள். பிரிட்டிஷ் விமானப்படை அவர்களை உடனே வானுக்கு அனுப்பவில்லை. ரேடியோவும் திசைகாட்டியும் பொருத்திய மூன்று சக்கர சைக்கிள்களில் மைதானத்தைச் சுற்றிவரச் சொல்லி ஆங்கிலக் கட்டளைகளைப் பழக்கினார்கள். அவர்கள் பழகிய போலந்து விமானத்தில் சக்கரங்கள் நிலையாக இருக்கும். புதிய விமானத்தில் இறங்கும் முன் நினைவாகச் சக்கரத்தை இறக்க வேண்டும். மறந்து வயிற்றால் தரையிறங்கியவர்களும் உண்டு. எஞ்சின் விசைக் கைப்பிடிகூட எதிர்த்திசையில் இயங்கியது. கிலோமீட்டர் மைலாக, மீட்டர் அடியாக மாற வேண்டியிருந்தது. அவர்களுக்கும் கோபம் வந்திருக்கும். கோபத்தோடு கற்றார்கள். 1940 கோடை முடிவதற்குள் லண்டனுக்கு மேலே ஜெர்மன் விமானங்களை அவர்கள் எப்படி வீழ்த்தினார்கள் என்பது வரலாறு.

ஜுராகோவ்ஸ்கி அந்தப் போரில் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் ஓட்டினார். போரின் பிற்பகுதியில் சோதனை விமானிகளுக்கான பிரிட்டிஷ் பள்ளியில் மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார். 1952-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். 1958 மார்ச் 25 அன்று ஏவ்ரோ ஏரோ என்ற போர்விமானத்தை முதன்முதலாக வானில் ஏற்றியவர் அவர்தான். நீங்கள் பெட்டி அடுக்கும் அதே மால்டனில்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை என்பதும் உண்மை. அவரோடு பறந்த பலர் போருக்குப் பின் தொழிற்சாலைகளில், ஓட்டல்களில் வயிறு வளர்த்தார்கள். அவர்கள் கேட்டும் வாய்ப்புக் கிடைக்காதவர்கள். உங்களுக்கு இருக்கும் வாய்ப்பை நீங்கள் கேட்கவே இல்லை.

வேலை எங்கே என்று கேட்டால், டொரன்டோவில் தேடாதீர்கள். 260 மணி நேரத்தோடு ஏ320-இன் வலது இருக்கை, அதாவது துணை விமானியின் இடம், இந்தியாவில் சிலருக்குக் கிடைக்கலாம். இங்கே அந்த வழி மிகமிக அரிது. இங்கே புதியவர்கள் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநராக மணிகளைச் சேர்ப்பார்கள். அல்லது சியூ லுக்அவுட், தாம்சன், யெல்லோநைஃப் போன்ற வடக்கு ஊர்களுக்குப் போய், முதலில் தரையில் சரக்கு ஏற்றி, எரிபொருள் நிரப்பி, இறக்கையில் பனி அகற்றி, பிறகு சிறிய விமானத்தில் இருக்கை பெறுவார்கள். ஏ320 தகுதிக்கு வாங்கிய கடனை நினைத்தால் வலிக்கும்தான். அந்தத் தகுதியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

சியூ லுக்அவுட்டுக்கு வடக்கே, சாலையே இல்லாத ஒரு பூர்வகுடி ஊரில் நான் ஆசிரியராக இருந்தேன். அரிசி, மருந்து, தபால், பிரசவத்துக்குப் போகும் பெண், இறந்தவரின் உடல், எல்லாம் விமானத்தில்தான் போய்வரும். அங்கே வந்த விமானி ஒருவர் மேற்காசியாவில் பெரிய பயணிகள் ஜெட்டில் கேப்டனாக இருந்தவர். இங்கே கேரவான் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தை ஓட்டினார். எஞ்சினுக்குப் போர்த்திய கனத்த உறையைத் தானே கழற்றுவார். உருளைக்கிழங்கு மூட்டையைத் தானே தூக்கித் தராசில் வைப்பார். ஒருமுறை என் புத்தகப் பெட்டியை எடை பார்த்துவிட்டுக் கீழே இறக்கி வைத்தார். டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் பொருள்கள் அதற்கு முன்னால் இருந்தன. நான் வாதாடிப் பார்த்தேன். "எடை வாதாடாது ஐயா" என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினார். அவர் முந்நூறு பேரோடு கடல்களைத் தாண்டியவர் என்று எனக்குச் சொன்னது பள்ளிக்கூடக் காவலாளி. அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

தம்பி, கடிதத்தில் உங்கள் மனைவிக்கு இரண்டு இடம் கொடுத்திருக்கிறீர்கள். முதல் இடத்தில், 'இங்கே தேர்வெழுதி' என்று போகிறபோக்கில் சொல்கிறீர்கள். அவரும் ஊரில் ஏற்கெனவே நர்ஸாக இருந்தவர்தானே? அவருடைய உரிமமும் இங்கே செல்லவில்லைதானே? 2015 முதல் ஒன்டாரியோவில் பதிவுபெற்ற நர்ஸாக வேண்டுமானால் எழுத வேண்டிய என்க்ளெக்ஸ் தேர்வை, உங்களுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு, அதே வீட்டில், உங்கள் கண்ணெதிரில் உட்கார்ந்து படித்து எழுதியிருக்கிறார். வாடகை அதிலிருந்துதான் போகிறது. அதை அவர் அவமானம் என்று சொன்னாரா? இரண்டாவது இடத்தில் அவரை உங்கள் தடையாக எழுதுகிறீர்கள். நீங்கள் விட்டுவிட வேண்டும் என்று அவர் நினைப்பது பறப்பதையா, இந்தப் புலம்பலையா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

இந்தியாவுக்குத் திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பறக்காமல் இரண்டு ஆண்டுகள் ஆனபின், அங்கே போனாலும் திறமையைப் புதுப்பித்துக் காட்டித்தான் ஆக வேண்டும். தேர்வு அங்கேயும் காத்திருக்கிறது.

இந்த வாரமே விமானிகளுக்குச் சான்று தரும் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அதற்கு முன், சியூ லுக்அவுட்டிலும் மருத்துவமனை இருக்கிறது, வடக்கில் நர்ஸ்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு என்று உங்கள் மனைவியிடம் சொல்லி, அங்கே வந்து சில ஆண்டுகள் இருக்க அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்