கொலையானவர்களின் குடும்பத்தாரை ஆய்வுக்காகப் பேட்டி எடுப்பதில் என்னென்ன சிக்கல்கள் வரும்?

சமூகவியல் முதுகலை முடித்த கையோடு, சாதிக் கொலைகளில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்காகத் தென்மாவட்டங்களில் ஒன்றரை வருடம் அலைந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பேச மாட்டார்களோ என்ற பயத்தோடுதான் முதல் வீட்டுக்குப் போனேன். நடந்தது நேர்மாறு. நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தார். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ், லேமினேட் செய்த செய்தித்தாள் துண்டு, மகன் பேர் இன்னும் நீக்கப்படாத ரேஷன் கார்டு. அப்புறம் மூச்சுவிடாமல் ஆரம்பித்தார்: “பிற்பகல் மூணரை மணி அளவில், மேற்படி சம்பவ இடத்துல…” அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. போலீஸ், வக்கீல், கலெக்டர் ஆபீஸ், உண்மை அறியும் குழு, டிவிக்காரர்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, பெற்ற பிள்ளையின் சாவு அவர் வாயில் எஃப்.ஐ.ஆர். தமிழாகவே ஆகிப்போயிருந்தது.

எனக்கு அந்தத் தமிழ் வேண்டாம். அதனால் கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டேன். “அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டுட்டுப் போனாரு?”

ரொம்ப நேரம் பேச்சில்லை. “சாப்பிடலப்பா. பைக்குக்கு டியூ கட்டலன்னு நான்தான் வஞ்சேன். வஞ்சதுல அப்படியே போயிட்டான், திரும்பி வரல” என்றார். அதை யாரிடமும் சொன்னதில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கே அன்றுதான் தெரியும்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. புகார் கொடுத்தவரே அவர்தான். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான் என்று அவர் சொன்னதாக எஃப்.ஐ.ஆரில் எழுதியிருந்தது. எழுதியவர் தன் வசதிக்கு எழுதிக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். வழக்கு அப்போது விசாரணையில் இருந்தது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளனிடம் சொன்னதற்குக் கிடையாது. ஒலிப்பதிவைக் கொண்டுவா என்று நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஒரு சாட்சி முன்பு சொன்னதை எடுத்துக்காட்டி அவரை மடக்க, பழைய சாட்சியச் சட்டத்தின் 145ஆம் பிரிவிலேயே வழி இருந்தது. புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஒரு தாயின் மனபாரம் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் “முரண்பட்ட சாட்சியம்” ஆகிவிடும். ஆய்வை நடத்தியவர் “இதுதாம்ப்பா டேட்டா” என்று சந்தோஷப்பட்டார். நான் அந்தப் பகுதியை எழுத்தில் ஏற்ற மறுத்தேன். அதில் வந்த மனஸ்தாபம் இன்னும் தீரவில்லை. கீழ்க்கோர்ட்டில் சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டதால், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் அவர்களைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர்கள் உங்களைக் கேட்டுவிடுவார்கள். “தண்ணி குடிக்கிறீங்களா, தம்பி?” இதை வெறும் உபசரிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயிலுக்கு வயிறு சரியில்லை, பாட்டில் இருக்கிறது என்றெல்லாம் சொன்னால், நீங்கள் எந்தத் தெரு ஆள் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். பேட்டி அத்தோடு சரி.

அடுத்தது ஒப்புதல் படிவம். “எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்” என்று பல்கலைக்கழகத் தமிழில் இரண்டு பக்கம். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கப்பட்ட அனுபவம் உள்ள வீட்டில் பேனாவை நீட்டினால் முகம் மாறிவிடும். வாய்மொழியாகச் சம்மதம் கேட்டு அதையே பதிவு செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவந்தது.

பணப் பேச்சு இன்னொரு கண்ணிவெடி. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 2016இல் செய்த திருத்தப்படி கொலைக்கு நிவாரணம் 8.25 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள்; தமிழக அரசு பிறகு அதைக் கூட்டியது. பாதி பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு, மீதி குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும். குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் உண்டு. ஒருவருக்குத்தான் என்பதால் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளைப் பார்த்தேன். இருவரையும் சேர்த்து உட்காரவைத்தால் ஒன்றும் வராது. மருமகளைக் கேட்டால் கொழுந்தன் பதில் சொல்வார். தனியாகப் பேச வேண்டுமென்றால் பெண் ஆய்வாளர் போக வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர்கூட இல்லை. அந்த ஆய்வின் பெரிய ஓட்டை அதுதான். அறிக்கையில் அது ஒரு வரியாக, “வரம்புகள்” என்ற தலைப்பின் கீழ் போய்விட்டது.

தீர்ப்பு வந்த வழக்காகப் பார்த்துப் போனால் காயம் ஆறியிருக்கும் என்றும் கணக்குப் போடாதீர்கள். மதுரை மாவட்டம் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பட்டப்பகலில், பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். ஆயுள் தண்டனை பெற்ற 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. 22 வருடத்துக்கு முந்தைய கொலை ஒரே நாளில் நேற்று நடந்ததாக ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து கேள்வித்தாளோடு போய் நிற்கக் கூடாது.

ஆய்வு செய்கிற நாம் படும் பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரே அழுகையை நாலு தடவை ஓட்டிக் கேட்டு எழுத வேண்டியிருக்கும். தூக்கம் போகும். ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்கு மேல் போகாதீர்கள்.

அந்த அம்மாவின் போனில் பேரன் என் எண்ணை ‘ரிப்போட்டர்’ என்று பதிந்து வைத்திருக்கிறான். நான் பத்திரிகைக்காரன் இல்லை என்று மூன்று முறை விளக்கியும் மாற்றவில்லை. மேல்முறையீடு இப்போது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை கூப்பிட்டு, “கேஸு எப்ப வருதுன்னு பாரு தம்பி” என்பார். வழக்கு எண்ணைப் போட்டு நெட்டில் பார்த்துச் சொல்வேன். போன வாரமும் கூப்பிட்டார். தேதி இன்னும் போடவில்லை.