வாசகர் கேள்வி: ஏ.ஐ. சொன்ன சட்டத்தை நம்பலாமா?

கேள்வி: என் தங்கையைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கட்டிக் கொடுத்தோம். கணவர் குடித்துவிட்டு அடிப்பதும் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் தொடரவே, குழந்தையுடன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரவெல்லாம் கைப்பேசியில் ஏ.ஐ. சாட்பாட்டிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறாள். திருமணம் நடந்த புதுச்சேரியில்தான் வழக்குத் தொடர முடியும் என்று அது சொன்னதிலிருந்து பயந்துபோயிருக்கிறாள். அது சொல்வது சரிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: சரியில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் 27-ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவர் மன்றத்திலேயே மனு கொடுக்கலாம். அங்கே கிடைக்கும் ஆணை இந்தியா முழுவதும் செல்லும் என்பதால், கடலூரில் பெறும் பாதுகாப்பு ஆணை புதுச்சேரியில் இருக்கும் கணவரையும் கட்டுப்படுத்தும். சம்பளத்தைப் பிடுங்குவதையும் பொருளாதார வன்முறை என்றே இச்சட்டம் கொள்கிறது. மனுவை 60 நாள்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும் நடைமுறையில் நீளும் என்பதைத் தங்கையிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

இந்தச் செயலிகள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துப் பதிலைக் கோப்பவை. வேறு வழக்குக்குரிய விதியை இதற்கும் பொருத்திவிட்டு, தயக்கமே இல்லாத நடையில் சொல்லிவிடும். அதற்காகத் தங்கை அதனுடன் பேசுவதைத் தடுக்காதீர்கள். “பொறுத்துப் போம்மா” என்று தொடங்கும் நம் பஞ்சாயத்துப் பெரியவர்கள் பலரிடம் இல்லாத பொறுமை அதனிடம் இருக்கத்தான் செய்கிறது. எந்தத் தேதியில் என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், எந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாள் என்பதை வரிசைப்படுத்தவும் அது உதவும். ஆனால் மனுவை அதைக்கொண்டு ‘மெருகேற்ற’ வேண்டாம். நடக்காத கொலைமிரட்டல் ஒன்று அலங்காரமாக ஒரு வரியில் நுழைந்துவிட்டால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற உண்மைகளையும் பொய்யாக்கப் பார்ப்பார்.

அதைவிட அவசரமானது கைப்பேசி. அதிலுள்ள கூகுள் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் கணவராக இருந்தால், கடவுச்சொல் அவரிடமும் இருக்கும். அந்தக் கணக்கைக் கொண்டே ஏ.ஐ. செயலியிலும் நுழைந்திருந்தால், தங்கை நள்ளிரவில் எழுதியதை அவர் தம் கைப்பேசியில் வாசிக்கலாம், தொலைந்த கைப்பேசியைத் தேடித்தரும் கூகுள் வசதியில் அவள் இருக்குமிடத்தையும் பார்க்கலாம். தங்கை இப்போது உங்கள் வீட்டில் இருப்பதால் கடவுச்சொல்லை உடனே மாற்றி, பிற சாதனங்களை வெளியேற்றிவிடலாம். கணவருடன் ஒரே வீட்டில் இருப்பவர்கள் அப்படித் திடீரென்று மாற்றினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். அவர்கள் அம்மாவின் கைப்பேசியையோ தோழியின் கைப்பேசியையோ பயன்படுத்துவது மேல். வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சட்டம் தரும் இரகசியப் பாதுகாப்பு சாட்பாட்டில் எழுதுவதற்கு இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

நாளையே பெண்களுக்கான உதவி எண்ணான 181-ஐ அழையுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கையை எழுதி நடுவர் மன்றத்துக்கு அனுப்புவார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதற்கான எண் 15100. கணவர் வாசலுக்கு வந்து கலாட்டா செய்தால் அவசர உதவி எண் 112.

கேள்வி: குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்காகத் தமிழில் ஒரு சாட்பாட் உருவாக்க நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி.

பதில்: உதவ வந்ததே கெடுதலாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உணவுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் இயங்கிய ‘டெஸ்ஸா’ என்ற சாட்பாட், அவர்களுக்கே எடைக் குறைப்பு யோசனைகளைச் சொன்னதால் 2023-இல் நிறுத்தப்பட்டது. உங்களுடையது பெயரையும் முகவரியையும் கேட்கக் கூடாது. ஒரே தொடுதலில் திரையிலிருந்து மறைய வேண்டும். “அவரு கைநீட்டுறாரு”, “மூச்சுமுட்டக் கழுத்தப் புடிச்சாரு” என்று எழுதும் பெண்ணையும் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது வரியைக் கண்டதும் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் 112-ஐக் காட்ட வேண்டும், ஏனெனில் கழுத்தை நெரிப்பது உயிருக்கு ஆபத்து நெருங்கிவிட்டதன் அடையாளம். வெளியிடும் முன், இத்தகைய பெண்களுடன் அன்றாடம் பேசும் ஆற்றுப்படுத்துநர் ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.