விண்ணப்பத்தில் யாருடைய மின்னஞ்சல்?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "பிளஸ் டூ படிக்கிற பொண்ணுக்குக் கம்ப்யூட்டரே தெரியாது. கவுன்சலிங் எல்லாம் ஆன்லைன்ல தானாம். பிரவுசிங் சென்டர்க்காரரு அவரோட மெயில் ஐடியவே போட்டுப் பண்ணித் தர்றேங்கிறாரு. சரிங்களா?"

சரியில்லை, அம்மா. விண்ணப்பத்தைச் சென்டரில் போடுவதில் தவறில்லை. ஆனால் மின்னஞ்சல், செல்பேசி எண், பாஸ்வேர்டு மூன்றும் உங்கள் வீட்டுடையதாக இருக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிவதில்லை. தரவரிசை வந்தபின் மகள் மீண்டும் உள்ளே போய் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்த வேண்டும். செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி முதலிலா, பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி முதலிலா என்பது அவள் முடிவு. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்ய வேண்டும். தவறினால் கிடைத்த இடம் போய்விடும். அன்றைக்குச் சென்டர் பூட்டியிருந்தால் என்ன செய்வீர்கள்?

இதற்கு மூன்று மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் வேண்டாம். வீட்டிலுள்ள ஸ்மார்ட்போனில் சில மாலை நேரம் பழகினால் போதும்.

முதலில் ஜிமெயில் கணக்கு. மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரோடு இனிஷியலும் ஓரிரு எண்ணும் சேர்த்து முகவரி வையுங்கள். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே முகவரிதான் போகும், செல்லப் பெயர் வேண்டாம். பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து. பெயரும் பிறந்த தேதியும் கூடாது. அதை ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பெட்டியில் வைக்கலாம், தப்பே இல்லை.

செல்பேசி எண்ணில்தான் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அதிகம் சிக்குகிறார்கள். அப்பா பெங்களூருவில் கட்டட வேலையில் இருப்பார், விண்ணப்பத்தில் அவர் எண் இருக்கும். ஓடிபி அங்கே போகும், சில நிமிடங்களில் காலாவதியாகும். மகளோடு சென்டருக்கு வரும் போனின் எண்ணையே கொடுங்கள். அஞ்செட்டி போன்ற மலைப்பக்க ஊர்களில் டவர் கிடைக்காமல் ஓடிபி தாமதமாகும். பதறி மறுபடி மறுபடி கேட்காதீர்கள். புதிது கேட்டால் பெரும்பாலும் பழையது செல்லாது. ரீசார்ஜ் விட்டுப்போய் 90 நாள் பயன்படாத எண்ணை நிறுவனம் ரத்து செய்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஆகவே சேர்க்கை முடியும்வரை சிம் உயிரோடு இருக்கட்டும். யார் போனில் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

அடுத்து, இணைய முகவரி. கூகுளில் தேடினால் மேலே "ஸ்பான்சர்டு" என்று வருவது விளம்பரம், அதைத் தொடாமல் முழு முகவரியையும் மேல்பட்டையில் தட்டச்சு செய்யுங்கள். "அரசுத் தளம் என்றால் கடைசியில் ஜிஓவி டாட் இன் இருக்கும்" என்று பலரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சியின் முதன்மைத் தளத்துக்கு அது சரி. பொறியியல் கலந்தாய்வுத் தளமோ 'டிஎன்இஏ ஆன்லைன் டாட் ஓஆர்ஜி'. அதனால் அறிவிப்பில் அச்சிட்டுள்ள முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதுதான் பாதுகாப்பு.

சான்றிதழ் ஏற்றுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். போனில் எடுத்த படத்தின் கோப்பு அளவு 3, 4 எம்பி இருக்கும். 1 எம்பி என்பது 1024 கேபி. வங்கித் தேர்வுகளில் போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி என்று கேட்பார்கள். பெரிய படத்தைத் தளம் ஏற்காது. சென்டர் கம்ப்யூட்டரில் பெயிண்ட் மென்பொருளைத் திறந்து, 'ரீசைஸ்' என்பதில் பிக்சல் அளவைக் குறைத்து வேறு பெயரில் சேமித்தால் கேபி இறங்கும். மூலப் படம் அப்படியே இருக்கட்டும். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று போன்றவற்றை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், சான்றிதழ் எண் மங்கிப் படிக்க முடியாமல் போகும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் இணையுங்கள். ஜிமெயிலில் 25 எம்பி வரை போகும். கூகுள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதி நேராக பிடிஎஃப் ஆகவே தரும். பகல் வெளிச்சத்தில், கை நிழல் விழாமல் எடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு பயிற்சி: மகள் தன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்து, தன் முகவரிக்கே மின்னஞ்சலில் அனுப்பி, அதை வேறொரு போனில் இறக்கித் திறந்து பார்க்கட்டும். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அவள் தயார்.

சென்டரில் உட்காரும்போது குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) திறக்கும், அதை மூடினால் உங்கள் லாகின் கம்ப்யூட்டரில் தங்காது. அதில் வேலை செய்யுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்பதை அழுத்துங்கள். முடித்ததும் விண்ணப்பத்தின் பிடிஎஃப்பைத் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் ரீசைக்கிள் பின்னிலும் இருப்பதை அழித்து, லாக் அவுட் செய்ய வேண்டும். மறந்து பஸ் ஏறிவிட்டால், போனில் கூகுள் கணக்கு, பாதுகாப்பு, உங்கள் சாதனங்கள் என்று போய் அந்தக் கம்ப்யூட்டரை வெளியேற்றலாம்.