ஒரே மலை, ஒன்பது படம்: எதை வைத்துக்கொள்வது?

வந்த கேள்விகளை மொத்தமாகக் கொட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி ஒரே சங்கதிதான். போன இடத்தில் ஒரு காட்சியை மாய்ந்து மாய்ந்து எடுத்தாயிற்று, வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது, எதை வைத்துக்கொண்டு எதை விடுவது? நான் கலர் லேபில் பிரிண்ட் போட்டுக் கை பழகியவன். ஃபிலிம் காலத்தில் 36 ஃப்ரேம் முடிந்ததும் கேமராவைப் பையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இப்போது அதே விடியலில் முன்னூறு எடுக்கிறோம். அலசும் வேலை மட்டும் பத்து மடங்காகிவிட்டது.

அண்ணா, கொழுக்குமலையில் சூரியோதயம் எடுத்தேன். 212 ஃப்ரேம். அடித்துப் பிடித்து ஒன்பதாகக் குறைத்துவிட்டேன். அதற்கு மேல் கை வரவில்லை. (தேனி)

ஒன்பதையும் பார்த்தேன் தம்பி. நீங்கள் கழித்துக் கட்டியதில் சிலவற்றையும் அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் கடைப்பிடிக்கிற வழக்கம் ஒன்றுதான். பிறகு மாற்றிக்கொள்ள முடிகிற எதையும் வைத்துப் படத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டேன், கழிக்கவும் மாட்டேன். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலில் எடுத்திருக்கிறீர்கள். நிறம் நீலமாக இருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா என்பது ஒரு ஸ்லைடர் நகர்த்துகிற வேலை. கொஞ்சம் இருட்டாக இருப்பது, தொடுவானம் ஒரு டிகிரி சாய்ந்திருப்பது, ஓரத்தில் ஒரு புல் நீட்டிக்கொண்டிருப்பது எல்லாம் அப்படித்தான். மாற்றவே முடியாதது என்ன? பனி எங்கே நின்றது, வெயில் எதன்மேல் விழுந்தது, நீங்கள் எங்கே நின்றீர்கள், எது எதை மறைத்தது, ஃபோகஸ் எங்கே உட்கார்ந்தது, வானம் விவரமே இல்லாமல் வெறும் வெள்ளையாகிப் போயிற்றா. இவை மட்டும்தான் தேர்வுக்கு வரவேண்டும்.

இப்போது உங்கள் மூன்றாவது படத்தையும் ஏழாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றில் இரண்டாவது மலைவரிசைக்கும் மூன்றாவது மலைவரிசைக்கும் நடுவே பனி நிறைந்து கிடக்கிறது. அதனால் ஒவ்வொரு முகடும் தனித்தனிக் கோடாகத் தெரிகிறது, கண் படிப்படியாக உள்ளே போகிறது. ஆனால் முன்னால் இருக்கிற தேயிலைச் சரிவு வெறும் கறுப்பு. ஏழில் வெயில் அந்தச் சரிவைத் தொட்டுவிட்டது, இலை நுனியெல்லாம் மின்னுகிறது. அதற்குள் பனி மேலேறி, பின்னால் இருந்த இரண்டு முகடும் ஒட்டிக்கொண்டு ஒரே மொத்தையாகிவிட்டது. நேரம் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே 11 நிமிடம். ஒன்றில் ஆழம், இன்னொன்றில் வெளிச்சம். இதனால்தான் உங்களுக்குக் கை வரவில்லை.

அந்த 11 நிமிடத்துக்குள் எடுத்ததைத் தேடினேன். நீங்கள் கழித்த கும்பலில் ஒன்று இருக்கிறது. பனி இன்னும் பள்ளத்தில் கிடக்கிறது, வெயில் சரிவின் மேல் ஓரத்தை மட்டும் ஒரு நூல் அளவுக்குத் தொட்டிருக்கிறது. அதை ஏன் கழித்தீர்கள்? 'நீலமாக இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்து வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்திச் சூடாக்கிப் பாருங்கள். மற்ற ஒன்பதும் தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

கன்னியாகுமரிக் கரையிலிருந்து விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலையும். ஒரே இடத்தில் நின்று எடுத்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஒரு படம் மட்டும் ஏனோ நன்றாக இருக்கிறது. காரணம் தெரியவில்லை. (நாகர்கோவில்)

ஒரே இடம் இல்லை மேடம், நகர்ந்திருக்கிறீர்கள். நாலைந்து எட்டு இருக்கும். நன்றாக இருக்கிறது என்கிற படத்தில் சிலைக்கும் மண்டபத்துக்கும் நடுவே வானம் ஒரு துண்டு தெரிகிறது. மற்றதில் கரைக்குப் பக்கத்தில் நிற்கிற படகின் கம்பம் நேராகச் சிலைமேல் ஏறிவிட்டது. 38 அடி பீடமும் 95 அடி சிலையுமாக 133 அடி நிற்கிறவரை ஒரு படகுக் கம்பம் கெடுத்துவிடும், அதுதான் நிலக்காட்சிப் படத்தின் கொடுமை. ஒன்றுபோல இருக்கிற படங்களில் முதலில் இந்த இடைவெளிகளைப் பாருங்கள். முக்கியமான இரண்டு பொருள்கள் ஒன்றை ஒன்று தொடாமல், முட்டாமல் நிற்கிறதா? ஒன்று முழுசாக விலகியிருக்க வேண்டும், இல்லை தயக்கமில்லாமல் மறைத்திருக்க வேண்டும். சும்மா உரசிக்கொண்டு நிற்பது கண்ணை உறுத்தும்.

2019இல் எடுத்த படத்தையும் புதுப்படத்தையும் ஒப்பிட்டுக் கேட்டிருந்தீர்கள். அவை ஒரே காட்சி இல்லை. 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு இரண்டு பாறைக்கும் நடுவே ஒரு கோடு வந்துவிட்டது. பழைய படத்தில் அந்த இடைவெளி வெறும் கடல், புதியதில் அது ஒரு பொருள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், பழையதை இனி யாரும் எடுக்க முடியாது.

தனுஷ்கோடியில் கரை ஒதுங்கிய பழைய படகு ஒன்றை அலையோடு சேர்த்து எடுத்தேன். டிரைபாட், ஒரே செட்டிங், அரை விநாடி. அறுபது ஃப்ரேம். படகு ஒன்றேதான், அலை மட்டும் மாறுகிறது. (இராமநாதபுரம்)

அப்படியானால் அலையைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள், படகை இல்லை. 30 விநாடி ஷட்டரைத் திறந்து வைத்திருந்தால் எல்லா அலையும் கலந்து பால் ஊற்றிய மாதிரி ஆகியிருக்கும், தேர்வே தேவைப்படாது. அரை விநாடியில் ஒவ்வொரு அலையும் ஒவ்வொரு கையெழுத்து.

ஏறி வருகிற அலையைப் பெரும்பாலும் கழித்துவிடலாம், அது நுரைத் திட்டாகத்தான் பதியும். திரும்பிப் போகிற அலையைப் பாருங்கள், அதுதான் மணலில் கோடு இழுக்கும். அந்தக் கோடு படகை நோக்கிப் போகிறதா, படகைத் தாண்டி ஃப்ரேமுக்கு வெளியே ஓடுகிறதா? அடுத்து நான்கு மூலைகளையும் பாருங்கள். மூலையில் வெள்ளை நுரை ஒரு கட்டி கிடந்தால் கண் அங்கேதான் போகும், படகுக்குத் திரும்ப வராது. கடைசியாக ஈர மணலில் வானத்தின் நிறம் விழுந்திருக்கிறதா. இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அறுபதில் இரண்டோ மூன்றோதான்.

முடிவு செய்யும் முன் படகின் விளிம்பை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அலை திரும்பும்போது டிரைபாட் காலுக்கு அடியிலிருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும், கால் ஒரு நெல்மணி அளவு இறங்கும். சின்ன திரையில் தெரியாது. நான் ஒருமுறை அப்படி ஒரு படத்தைப் பெரிய பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டு, வந்த பிறகு பார்த்து நொந்துபோனேன். கடல் ஆடலாம், படகு ஆடக்கூடாது.

வெளிச்சம் குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, கூட்டி ஒன்று என்று மூன்று மூன்றாக எடுத்திருக்கிறேன். மூன்றில் எது?

மூன்றும் ஒரு படம்தான். அடுக்கி ஒன்றாக வைத்து ஒன்றாக எண்ணுங்கள். அலசி முடித்த பிறகு, வானம் வெளுக்காத ஃபைல் ஒன்று போதுமா, மூன்றையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டுமா என்று யோசித்தால் போதும்.

ஒரே ஷாட்டில் எடுத்துக்கொண்டு வருகிறவர்தானே கலைஞர்? இத்தனை எடுப்பது நம்பிக்கை இல்லாததால்தானே? (கோவை)

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் அன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்கிற சிற்றூரின் மேல் நிலா எழுவதை எடுத்தார். கல்லறைச் சிலுவைகள்மேல் அந்தி வெயில். ஒளிமானி அவசரத்தில் கைக்கு அகப்படவில்லை, நிலாவின் ஒளி அளவு நினைவில் இருந்ததால் அதைக் கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது ஒன்று எடுத்துவைக்கலாம் என்று பெரிய ஃபிலிம் தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைமேல் இருந்த வெயில் போய்விட்டது. ஒரே ஷாட்தான். ஆனால் அவரே இரண்டாவது எடுக்கத்தான் கை நீட்டினார் என்பதைக் கவனியுங்கள் சார்.

என் மனதுக்கு மிகவும் பிடித்தது ஒன்று. வீட்டில் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் வேறொன்றைச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? (பொள்ளாச்சி)

வால்பாறையில் எடுத்தது என்கிறீர்கள். எத்தனை அட்டை கடித்தது அந்தப் படத்துக்கு? சிரிப்புக்குக் கேட்கவில்லை. மழையில் மூன்று கிலோமீட்டர் நடந்து எடுத்த படம் எடுத்தவனுக்கு மட்டும் அழகாகத் தெரியும். நடையும் அட்டையும் ஃப்ரேமுக்குள் இல்லை. காரை விட்டு இறங்கியதும் எடுத்த படத்தை அவன் மதிக்கவே மாட்டான். உங்கள் வீட்டார் கைகாட்டுவது அதைத்தான், இல்லையா?

அமெரிக்காவில் கேரி வினோகிராண்ட் என்று ஒரு தெருப் புகைப்படக்காரர். எடுத்த ஃபிலிமை உடனே கழுவ மாட்டார், எடுத்தபோது இருந்த உற்சாகம் தேர்வைக் கெடுத்துவிடும் என்று நாள்கடத்துவார். 1984இல் இறந்தபோது கழுவாத சுருளே 2,500க்கு மேல் கிடந்தது. அந்த அளவுக்குப் போகவேண்டாம். இரண்டு வாரம் ஃபோல்டரைத் திறக்காமல் இருங்கள். பிறகு உங்கள் படத்தையும் அவர்கள் படத்தையும் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அமைப்பு உறுதியாக இருக்கிற படம் அந்த அளவிலும் நிற்கும். இடவலம் மாற்றிப் பார்ப்பதும் உதவும், பழகிய கண்ணை அது கலைத்துவிடும். வீட்டார் சொல்வதை நான் பாதிதான் எடுத்துக்கொள்வேன். எது பிடிக்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும், பயன் இருக்காது. 'முதலில் கண் எங்கே போச்சு?' என்று கேளுங்கள். பிள்ளைகள் சரியாகச் சொல்லும்.

லைட்ரூம் மென்பொருளில் படங்களை வேகமாகப் பார்க்க வழி?

நட்சத்திரம் போடாதீர்கள். மூன்றா நான்கா என்று யோசித்தே பொழுது போய்விடும். வேண்டும் என்றால் P விசை, வேண்டாம் என்றால் X விசை, அவ்வளவுதான். கடைசி ஐந்தாறை மட்டும் தேர்ந்து N விசையை அழுத்தினால் எல்லாம் ஒரே திரையில் வரும். அதில் மிக நன்றாக இருப்பதைத் தேடாமல், மிக மோசமானதை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். அது சுலபம்.

போட்டிக்கு அனுப்பப் போகிறேன். ஒரே இடத்தில் எடுத்த இரண்டு நல்ல படம் இருக்கிறது. இரண்டையும் போடலாமா? (சேலம்)

வேண்டாம். சலூன் என்கிற புகைப்படப் போட்டிகளில் பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு நான்கு படம் கேட்பார்கள். அதில் இரண்டு ஒரே மலை என்றால் நடுவர் ஒன்றை வைத்து இன்னொன்றை மட்டம் தட்டுவார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் 'இன்னொன்று தேவலை' என்று தோன்றும். வலுவானது எது என்று உங்களுக்கே தெரியவில்லையென்றால் இரண்டையும் விட்டுவிட்டு வேறு இடத்துப் படத்தை அனுப்புங்கள்.

தேறாததை அழித்துவிடலாமா? டிஸ்க் நிரம்பி வழிகிறது. (மதுரை)

ஃபோகஸ் தவறியது, ஆடியது இரண்டையும் அன்றைக்கே அழிக்கலாம். மற்றதை ஒரு வருடமாவது விட்டுவையுங்கள். மூணாறுப் பக்கம் 2018இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது எடுத்ததை நான் இரக்கமில்லாமல் கழித்தேன். மலை முழுக்க நீலமாய் இருக்கும் அகலமான படங்களே போதும் என்று நினைத்து, பூக்கொத்தை முன்னால் வைத்து எடுத்ததை, அதுவும் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தே, அழித்துத் தொலைத்தேன். இப்போது அகலமான படத்தைப் பார்த்தால் அது குறிஞ்சியா ஊதா நிறப் புல்லா என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த பூப்பு 2030இல். கேமராத் திரையில் பார்த்து எதையும் அழிக்காதீர்கள், இடம் போதவில்லை என்றால் இன்னொரு கார்டு வாங்குங்கள்.

கடைசி இரண்டில் ஒன்றை 12x18 அளவில் ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டப்போகிறேன். ஒன்று அப்படியே நன்றாக இருக்கிறது, இன்னொன்றுக்கு நிறைய க்ராப் வேண்டும். கேமரா 24 மெகாபிக்சல். தாங்குமா? (திருச்சி)

உங்கள் ஃபைல் 6000 × 4000. அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 12x18க்கு 5400 × 3600 வேண்டும். ஆக, பத்தில் ஒரு பங்கு வெட்டலாம், கணக்கு உதைக்காது. நீளத்தில் 30 சதவீதம் வெட்டினால் 4200 மிஞ்சும், 233 புள்ளிக்கு இறங்கும். ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்டுகிற படத்தில் யாரும் மூக்கை ஒட்டிவைத்துப் பார்க்கப்போவதில்லை, அதுவும் தாங்கும். எனவே பிக்சலை வைத்து முடிவு செய்யவேண்டாம்.

இரண்டையும் 4x6இல் போட்டு வாங்கி பீரோ கதவில் ஒரு வாரம் ஒட்டிவையுங்கள். போக வர எதைப் பார்க்க நிற்கிறீர்களோ அதைப் பெரிதாகப் போடுங்கள். லேபில் கொடுக்கும்போது பளபளப்பில்லாத மேட் தாள் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். எதிர்ச் சுவரில் டியூப்லைட் இருந்தால் கிளாஸி தாளில் மலைக்கு நடுவே வெள்ளையாக ஒரு பட்டைதான் தெரியும்.